ஒருவர் பத்தரைக்கு, மற்றவர் ஒன்றரைக்கு: படுக்கும் நேரமும் வீட்டு வேலையும் ஒத்துப்போகாத தம்பதிக்கு எந்த ஏற்பாடு பொருந்தும்?

இரவு பத்தரைக்கு ஒருவருக்குக் கண் சொக்குகிறது. மற்றவருக்கு அப்போதுதான் சுறுசுறுப்பே வருகிறது. இப்படிப்பட்ட வீட்டில் சண்டை பெரும்பாலும் “ஏன் இன்னும் படுக்க வரவில்லை” என்று தொடங்கும். நாலு வார்த்தை தாண்டுவதற்குள் கழுவாத பாத்திரம், மடிக்காத துணி, குழந்தையின் பள்ளிப் பை என்று போய் நிற்கும். பேச்சு தடம் மாறிவிட்டதாக இருவருக்குமே தோன்றும். உண்மையில் மாறவில்லை. நாளின் கடைசி ஒரு மணி நேர வேலையும் முதல் ஒரு மணி நேர வேலையும் யார் தலையில் விழுகின்றன என்பதைப் பல வீடுகளில் படுக்கும் நேரம்தான் முடிவு செய்கிறது. யாரும் உட்கார்ந்து பேசி அப்படி வைத்துக்கொண்டதில்லை.

ஆகவே இங்கே இரண்டு ஒப்பீடுகள்: வேலையைப் பிரிக்க 4 வழிகள், தூக்கத்தை ஒழுங்குபடுத்த 5 வழிகள். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலைப் பிரிப்பை முதலில் மாற்றுங்கள். மூன்று வாரம் அது ஓடிய பிறகு படுக்கும் நேரத்தில் கை வையுங்கள். வேலை அப்படியே இருக்க, படுக்கும் நேரத்தை மட்டும் முன்னே இழுத்தால், யாரோ ஒருவருடைய ஓய்வு நேரம்தான் வெட்டுப்படும். வெட்டுப்பட்டவர் பத்து நாளில் பழையபடி விழித்திருக்கத் தொடங்கிவிடுவார்.

முதலில் ஒரு வாரக் கணக்கு

ஒரு வாரம் இருவரும் தனித்தனியே குறித்து வையுங்கள்: தூங்கிய நேரம், எழுந்த நேரம். அதில் அலாரம் வைக்காத நாள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அந்த நாட்களில் தூக்கத்தின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். இரவு 10:30-க்குத் தூங்கி 6:30-க்கு எழுபவருக்கு நடுப்புள்ளி 2:30. இரவு 1:30-க்குத் தூங்கிக் காலை 10 மணிக்கு எழுபவருக்கு 5:45. ஆனால் பின்னவர் வாரம் முழுக்கத் தூக்கக் கடனில் இருந்துவிட்டு விடுமுறையில் ஈடுகட்டியிருக்கலாம். அவருடைய வாரச் சராசரி 7 மணி நேரம், விடுமுறைத் தூக்கம் எட்டரை மணி நேரம் என்றால், கூடுதலான ஒன்றரை மணியில் பாதியை, அதாவது 45 நிமிடத்தைக் கழியுங்கள். திருத்திய நடுப்புள்ளி 5:00. இருவருக்கும் உள்ள உண்மையான இடைவெளி இரண்டரை மணி நேரம். ஜெர்மனியின் மியூனிக்கில் டில் ரோனபெர்க்கும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கேள்வித்தாளும் இதே முறையில்தான் ஒருவருடைய உடல் கடிகாரத்தைக் கணிக்கிறது.

இந்த எண் ஏன் வேண்டும் என்றால், இரவு ஒரு மணி வரை விழித்திருப்பவர் எல்லோரும் ராக்கோழிகள் அல்லர். சிலருக்கு உடல் கடிகாரமே பின்தங்கி ஓடும். அதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு, வயதுக்கும் உண்டு. இருபது வயதையொட்டி மிகவும் பின்தங்கி இருக்கும் கடிகாரம் பிறகு மெல்ல முன்னே நகரும். வேறு சிலருக்குப் பதினோரு மணிக்கே தூக்கம் வந்துவிடும். ஆனால் நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால், யாரும் கூப்பிடாத அந்த இரண்டு மணி நேரத்தை விட மனம் வராமல் தூக்கத்தைத் தள்ளிப்போடுவார்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வீட்டுப் பொறுப்பு எதுவும் இல்லாத நாலைந்து நாள் கிடைக்கும்போது அவர் எப்போது தூங்குகிறார் என்று பாருங்கள். பதினோரு மணிக்கே தூங்கிவிட்டால் அவருக்குத் தேவை பகலில் ஓய்வு. அப்போதும் ஒன்றரை மணிதான் என்றால் அது உடல் கடிகாரம். கெஞ்சினாலும் கோபித்தாலும் மாறாது.

அதே வாரத்தில் வேலைக் கணக்கையும் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதக் கூடாது. செய்த அன்றே, தொடங்கிய நேரம், முடித்த நேரத்தோடு எழுத வேண்டும். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், கணவனும் மனைவியும் தத்தம் பங்கு என்று சொன்னதைக் கூட்டினால் பெரும்பாலும் முழுமையைத் தாண்டிப் போனது. பொய் சொல்லவில்லை, தான் செய்தது தனக்கு நன்றாக நினைவிருக்கும், அவ்வளவுதான். பின்னிரவில் செய்த வேலையை முந்திப் படுப்பவர் பார்த்ததே இல்லை, அதிகாலை வேலையை மற்றவர் பார்த்ததே இல்லை என்ற வீட்டில் இந்தப் பிசகு இன்னும் பெரிதாகும்.

எழுதும்போது ஒவ்வொரு வேலைக்கும் எதிரே “இதை யார் நினைவில் வைத்திருந்தார்” என்று ஒரு கட்டம் போடுங்கள். சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் 2019-ல் வீட்டின் மூளை உழைப்பை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார்: தேவை வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, சரியாக நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் சந்தித்த தம்பதிகளில் முடிவெடுப்பது ஓரளவு பொதுவாக இருந்தது. முதல் படியும் கடைசிப் படியும் பெரும்பாலும் பெண்களிடமே இருந்தன. அலமாரியில் மருந்து தீரப்போகிறது என்று கவனிப்பவர் ஒருவர், போய் வாங்கி வருபவர் மற்றொருவர் என்றால், வாங்கி வந்தவருக்கு அது இருபது நிமிட வேலை. கவனித்தவருக்கு அது நாள் முழுக்க ஓடும் வேலை.

வேலையைப் பிரிக்கும் 4 வழிகள்

ஒவ்வொரு வேலையையும் பாதிப் பாதியாகச் செய்வதுதான் பலருக்கு முதலில் தோன்றும். நியாயமாகத் தெரியும், நீடிக்காது. யார் முறை என்று தினமும் கேட்க வேண்டியிருக்கும். கேட்பவர் எப்போதும் ஒரே ஆளாக இருப்பார். தூக்க நேரம் வேறுபடும் வீட்டில் இது இன்னும் மோசம். இரவுப் பாத்திரத்தில் தன் பாதியைக் கழுவ முந்திப் படுப்பவர் காத்திருக்க முடியாது.

வாரம் மாற்றி வாரம் செய்வதில் கை மாறுகிறது, நினைவு மாறுவதில்லை. சோப்புத் தூள் தீர்ந்துபோனது எந்த வாரத்தின் குற்றம் என்ற கேள்வி வாரம் மாறும் நாளில்தான் வரும். குழந்தை இல்லாத, இருவருக்கும் எல்லா வேலையும் ஓரளவு பழகிய வீட்டுக்கு மட்டும் இது பொருந்தும்.

மூன்றாவது, துறையாகப் பிரித்து முழுப் பொறுப்பையும் ஒப்படைப்பது. துணி என்றால் அழுக்குக் கூடையைக் கவனிப்பது முதல் துவைத்து, உலர்த்தி, மடித்து, அலமாரியில் அடுக்கி, கிழிந்ததை ஒதுக்குவது வரை ஒருவருடையது. மேலே சொன்ன நான்கு படிகளும் ஒரே கையில் இருப்பதால் நினைவூட்டும் வேலை அடிபட்டுப் போகிறது. வாராந்தர, மாதாந்தர வேலைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒப்படைக்கும் முன் “குறைந்தபட்சம் இவ்வளவு” என்பதைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்: படுக்கை விரிப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை, குளியலறை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எண்ணாகவே. அந்த அளவுக்கு மேல் வேண்டும் என்பவர் கூடுதல் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும்.

இது கெடும் இடம் ஒன்றே ஒன்று. முதல் இரண்டு மூன்று வாரம் புதிதாகப் பொறுப்பேற்றவரிடம் எதாவது தவறும். பழையவர் ஓடிப்போய்ச் சரி செய்துவிட்டால் பொறுப்பு சத்தமில்லாமல் அவரிடமே திரும்பிவிடும். மடித்த துணி இல்லாமல் ஒரு காலைப்பொழுது தடுமாறட்டும். அடுத்த முறை மறக்காது. இந்தப் பொறுமைக்கு மூன்று விதிவிலக்குகள்: மருந்து, கடைசித் தேதி உள்ள கட்டணங்கள், குழந்தையை அழைத்து வருவது. இவற்றில் மட்டும் பார்த்தவர் தலையிடலாம். இவற்றைக் கைமாற்றும்போது முதல் மாதம் இருவர் கைபேசியிலும் நினைவூட்டல் வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவது வழி ஷிப்ட். இரவில் வீட்டை மூடுவது ஒருவர், காலையில் திறப்பது மற்றவர். தூக்க நேரம் வேறுபடும் தம்பதிக்கு இயற்கையே கொடுத்த வசதி இது; பலரும் இதைப் பயன்படுத்துவதே இல்லை. மூடும் பட்டியல்: பாத்திரம், அடுப்பு மேடை, குப்பை, நாளைக்கான உடைகளை எடுத்து வைப்பது, பைகளில் வேண்டியதை வைப்பது, மிச்ச உணவை எடுத்து வைப்பது, கைபேசிகளைச் சார்ஜில் போடுவது, கதவு, அடுப்பு சரிபார்ப்பது. திறக்கும் பட்டியல்: சமையல், குழந்தைகளை எழுப்பி வெளியே அனுப்புவது, அன்றைய துணியை இயந்திரத்தில் போடுவது. வாஷிங் மெஷின், மிக்ஸி, வேக்குவம் கிளீனர் போன்ற சத்தம் போடும் எதுவும் இரவுப் பட்டியலில் வரக் கூடாது. அதற்குப் பதிலாக ஓசையில்லாத வேலைகளை அங்கே குவிக்கலாம்: துணி மடிப்பது, காய் நறுக்கி வைப்பது, கட்டணம் கட்டுவது, பள்ளிப் படிவங்கள், அடுத்த வாரம் வாங்க வேண்டியவற்றின் பட்டியல்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஷிப்ட் முறை தோற்கும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் தவறியிருக்கும். காலை வேலைக்குக் கெடு உண்டு. 7:40-க்குக் குழந்தை கிளம்பியாக வேண்டும் என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் தலைவலித்தாலும் நிறுத்த முடியாது. இரவு வேலைக்கு அப்படிக் கெடு இல்லை. பத்தரைக்கும் செய்யலாம், பாட்டு கேட்டுக்கொண்டே பன்னிரண்டுக்கும் செய்யலாம். இரண்டையும் நிமிடக் கணக்கில் சமமாக வைத்தால் காலைக்காரர் ஏமாந்துபோவார். கெடு உள்ள வேலையை ஒன்றரை மடங்காகக் கணக்கிடுங்கள். 60 நிமிடக் காலை வேலைக்கு 90 நிமிட இரவு வேலை. இந்த விகிதம் வேதவாக்கு அல்ல; ஆனால் ஏதோ ஒரு விகிதத்தை வெளிப்படையாக வைத்தால்தான் மனக்கசப்பு குறையும்.

எங்கள் தேர்வு கலப்பு முறை: தினசரி வேலைக்கு ஷிப்ட், மற்றதற்கு முழுப் பொறுப்பு. சமமா என்று சோதிக்க வேலை நேரத்தைவிட ஓய்வு நேரத்தை ஒப்பிடுவது மேல். சம்பள வேலை, பயண நேரம், வீட்டு வேலை எல்லாம் போக, யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற உறுதியோடு ஒருவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? குழந்தை எப்போது எழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் ஓய்வில் சேராது. இருவருக்கும் உள்ள வித்தியாசம் வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால் நல்ல நிலை.

தூக்கத்துக்கு 5 வழிகள்

ஒருவர் முழுதாக மாறுவது. இடைவெளி ஒரு மணி நேரம் வரை என்றால் இது நடக்கும். அதற்கு மேல் கடினம். வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் தூக்கத்தை மிகப் பலமாக எதிர்க்கும். தூக்க ஆய்வாளர் பெரெட்ஸ் லவீ 1986-ல் இந்த நேரத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஒன்றரைக்குத் தூங்குபவரைப் பதினொன்றுக்குப் படுக்க வைத்தால் சரியாக அந்த நேரத்தில்தான் மாட்டுவார். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். நாளடைவில் படுக்கை என்றாலே விழிப்பு என்று உடல் பழகிவிடும். அது தூக்கமின்மைக்கு நேர்வழி.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எழும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் எழுவது, எழுந்த அரை மணிக்குள் வெளியே போய் 20 முதல் 30 நிமிடம் பகல் வெளிச்சத்தில் இருப்பது, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வீட்டு விளக்குகளை மங்கலாக்குவது, படுப்பதற்கு 8 மணி நேரம் முன்பே காபி, டீயை நிறுத்துவது. காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில், அறை விளக்கு பெரும்பாலும் சில நூறைத் தாண்டாது. மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் ஜன்னலருகே உட்காருவது ஈடாகாது.

அவசரம் இங்கே எதிர்விளைவைத் தரும். உடல் வெப்பம் மிகக் குறையும் கட்டம் இயல்பாக எழும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் வரும். அதற்குப் பின் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும். அதற்கு முன் படும் வெளிச்சம் பின்னே தள்ளும். ஒன்பதுக்கு இயல்பாக எழுபவர் ஒரே நாளில் ஐந்துக்கு எழுந்து பளிச்சென்ற விளக்கில் உட்கார்ந்தால், கடிகாரம் இன்னும் பிந்திப் போக வாய்ப்பு உண்டு. சனி, ஞாயிறு இரண்டு நாள் பத்து மணி வரை தூங்கினாலும் வாரத்தின் உழைப்பில் பெரும்பகுதி போய்விடும்.

இருவரும் நடுவில் சந்திப்பது கேட்க நன்றாக இருக்கும். ஆளுக்கு 30 நிமிடம் நகர்வதோடு நிறுத்தினால் சரி. ஒன்றரை மணி நேரம் நகர்ந்து பன்னிரண்டில் சந்திப்பதாக வைத்தால், முந்திப் படுப்பவர் எழும் நேரம் மாறாததால் அவருக்குத் தூக்கம் குறையும். பிந்திப் படுப்பவருக்குத் தூக்கமே வராது. இருவரும் சேர்ந்து களைத்துப்போவதில் சமத்துவம் இருக்கலாம், பயன் இல்லை. பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்ற எல்லையை எந்த ஏற்பாடும் தாண்டக் கூடாது.

ஒன்றாகப் படுத்துவிட்டு ஒருவர் மட்டும் எழுந்து வருவது: மூன்றாவது வழியான இதைத்தான் பலருக்கும் முதலில் முயலச் சொல்வோம். பத்தரைக்கு இருவரும் கைபேசி இல்லாமல் 20, 30 நிமிடம் படுக்கையில். பேச்சு, அணைப்பு, அன்றைய நாள். பிறகு பிந்திப் படுப்பவர் எழுந்து போய்த் தன் ஷிப்டைப் பார்க்கிறார். துணை தூங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் எழுந்தால் விழிப்பு தட்டிவிடும், ஆரம்பத் தூக்கம் மெல்லியது. அதனால் அவர் கண் அயரும் முன்பே “போய் வருகிறேன்” என்று சொல்லிவிட்டு எழுவது நல்லது. தூங்கிவிட்டாரா என்று பார்த்துப் பார்த்து நழுவுவது இருவருக்கும் சங்கடம். ஒன்று கவனியுங்கள்: இரவு மூடும் வேலை இந்த அரை மணிக்கு முன்னால் முந்திப் படுப்பவர் தலையில் விழுந்திருந்தால், அவர் படுத்ததும் தூங்கிவிடுவார், பேச ஆளிருக்காது. வேலைப் பிரிப்பை முதலில் சரி செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே அறை, வெவ்வேறு நேரம். இடைவெளி இரண்டு, மூன்று மணி என்றால் நிலையான ஏற்பாடு இதுவே. முந்தைய வழியோடு சேர்த்தும் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. ஒரே கட்டிலில் இரண்டு ஒற்றை மெத்தைகள் போட்டால் ஒருவர் புரளும் அசைவு மற்றவருக்குப் போகாது. ஆளுக்கொரு போர்வை. இரவு உடை, பல் துலக்கும் பிரஷ், கண்ணாடி, சார்ஜர் எல்லாம் அறைக்கு வெளியே. உள்ளே வரும்போது போட, தரையோரம் மங்கலான ஆரஞ்சு நிற விளக்கு ஒன்று. கிரீச்சிடும் கதவுக் கீலுக்கு எண்ணெய். முந்தி எழுபவருக்குக் கையில் கட்டி அதிரும் அலாரம். ஸ்னூஸ் கூடவே கூடாது. ஒன்பது நிமிட ஸ்னூஸ் மூன்று முறை என்றால் 27 நிமிடம் பக்கத்தில் இருப்பவரின் தூக்கம் துண்டு துண்டாகும்.

தூக்கத்தின் முதல் மூன்றிலொரு பங்கில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். சத்தத்துக்கு அவ்வளவு எளிதில் விழிப்பு வராது. பின்பாதியில் தூக்கம் மெலிந்திருக்கும், கனவுத் தூக்கம் கூடும். பத்தரைக்குத் தூங்கியவர் பக்கத்தில் ஒன்றரைக்கு வந்து படுப்பவர், மெலியத் தொடங்கிய தூக்கத்தில்தான் கால் வைக்கிறார். காலை 5:30 அலாரம் அடிக்கும்போது ஒன்றரைக்குத் தூங்கியவருக்கு நான்கு மணி நேரம்தான் ஆகியிருக்கும். இருவருமே மற்றவருக்குத் தெரியாமல் மற்றவரின் தூக்கத்தைத் தின்கிறார்கள். ஏற்பாடுகளையும் இருவருமே செய்துகொள்ள வேண்டும்.

தனி அறை. இதைப் பிரிவின் அடையாளமாகப் பார்க்க வேண்டியதில்லை. மாறி மாறி வரும் ஷிப்ட் வேலை, ஊசி விழுந்தால் விழித்துக்கொள்ளும் தூக்கம், மூன்று மணிக்கு மேல் இடைவெளி என்றால் இதுதான் நல்லது; எல்லா நாளும் வேண்டாம், வேலை நாட்களில் மட்டும் என்றும் வைக்கலாம். இரண்டு எச்சரிக்கைகள். குறட்டைக்காகப் பிரிந்து படுக்கும் முன், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று திணறலோடு வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். தூக்கத்தில் மூச்சடைப்பை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருப்பவர்தான், அவர் வேறு அறைக்குப் போய்விட்டால் சாட்சியே இல்லாமல் போகும். அடுத்தது, குழந்தை எந்த அறையில்? குழந்தை இருக்கும் அறையில் படுப்பவர் எல்லா இரவுக்கும் தனியாகப் பொறுப்பாகிவிடுவார். கதவு மூடியதும் பொறுப்பும் மூடிக்கொள்ளும் வீடுகள் நிறைய.

கைக்குழந்தை உள்ள வீடு

இங்கே மட்டும் தூக்க வேறுபாடு வரம். இரவை இரண்டாக வெட்டுங்கள். இரவு 9 முதல் 2 வரை பிந்திப் படுப்பவர் பொறுப்பு. முந்திப் படுப்பவர் அந்த ஐந்து மணி நேரம் வேறு அறையில், காதடைப்பானோடு தூங்குகிறார். 2 முதல் 7 வரை மாறிக்கொள்கிறார்கள். இருவருக்கும் இடையறாத ஐந்து மணி நேரம் கிடைக்கிறது, ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். மிச்சம் இரண்டு மணி நேரத்தை அவரவர் ஷிப்டில் குழந்தை தூங்கும்போது எடுக்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் எடுத்து வைத்த பால், அல்லது மற்றவர் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்து, குடித்ததும் தூக்கிப்போய் ஏப்பம் விட வைத்து, துணி மாற்றித் தூங்கச் செய்வது. “எனக்கு நாளைக்கு ஆபீஸ் இருக்கிறது” என்ற வாதம் இங்கே நிற்காது. நாள் முழுக்கக் குழந்தையைத் தனியாகப் பார்ப்பவருக்கும் விழிப்பு வேண்டும்.

எதை எப்போது பேசுவது

பேச்சை இரவில் வைக்காதீர்கள், ஒருவர் பாதித் தூக்கத்தில் இருப்பார். விடியலிலும் வேண்டாம், மற்றவருக்குத் தூக்க மயக்கம் தெளிய அரை மணிக்கு மேல் ஆகும். விடுமுறை நாளின் மாலையில் 20 நிமிடம், கையில் அந்த ஒரு வாரக் கணக்கோடு. முதல் பேச்சில் ஷிப்ட் பட்டியலும் மூன்று துறைகளின் பொறுப்பும் மட்டும். படுக்கும் நேரத்தை அப்போது எடுக்கவே வேண்டாம். மூன்று வாரம் கழித்து மீண்டும் கணக்கு எழுதிப் பாருங்கள். பல வீடுகளில் பிந்திப் படுப்பவரின் நேரம் தானாகவே அரை மணி முன்னே வந்திருக்கும், ஓய்வு பகலிலேயே கிடைக்கத் தொடங்கியிருந்தால்.

மூன்றாவது வாரமும் பட்டியல் தொடப்படாமல் கிடந்தால், படுக்கும் நேரத்தை மாற்றியோ மெத்தையை மாற்றியோ பயன் இல்லை. ஒருவர் செய்ய மறுக்கிறார், அல்லது செய்ய முடியாத அளவு சோர்ந்திருக்கிறார். பகலெல்லாம் தூக்கக் கலக்கம், எதிலும் ஈடுபாடின்மை, படுத்தும் தூக்கம் வராமை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடலும் மனமும் நன்றாக இருந்தும் மறுக்கிறார் என்றால் அடுத்த பேச்சில் ஒரே கேள்வியை வையுங்கள்: இந்தப் பட்டியலில் எவற்றை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள், எவற்றை இருவரும் சேர்ந்து கைவிடலாம், எவற்றுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கலாம்? “பார்க்கலாம்” என்ற பதிலை ஏற்காமல், ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரோ ஒரு தொகையோ ஒரு அடித்தலோ விழும்வரை அந்தத் தாளை மடிக்காதீர்கள்.